ரம்ப மேஜை வாங்குவோர் கவனத்துக்கு



தராசு வாங்கப் போகும் வியாபாரி அதன் பெயிண்டைப் பார்ப்பதில்லை. முள் நேரில் நிற்கிறதா, முத்திரை இருக்கிறதா, ஒரே படிக்கல்லை இரண்டு தட்டிலும் மாற்றி வைத்தால் ஒரே எடை காட்டுகிறதா என்று பார்க்கிறார். அதே வியாபாரி மரம் அறுக்கும் மெஷின் வாங்கப் போனால், "எத்தனை எச்.பி.? என்ன விலை? எவ்வளவு குறைப்பீர்கள்?" என்ற மூன்று கேள்வியோடு நின்றுவிடுகிறார். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். அதன் பலனை எங்கள் தம்பி இன்றும் இடது கையில் சுமந்துகொண்டிருக்கிறார். நமக்கு நேர்ந்தது மற்ற வணிகர் வீட்டில் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

மளிகைக் கடைக்காரருக்கு மரவேலை எதற்கு?

நாங்கள் மல்லாங்கிணற்றில் பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். எங்கள் பக்கம் வறண்ட பூமி என்று பெயர்தான். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் குடோன் தரை ஈரம் கசியும். மூட்டையைத் தரையில் வைத்தால் அடிவரிசை பூஞ்சணம் பிடித்துவிடும். எனவே மூட்டைக்கு அடியில் போட மரத்தட்டு வேண்டும். கடைக்கு ராக்கை வேண்டும், பருப்புப் பெட்டி வேண்டும், கல்லாப் பெட்டிக்கு மேஜை வேண்டும். முன்பெல்லாம் ஒரு சொல் சொன்னால் ஆசாரி வந்து நிற்பார். இப்போது எங்கள் ஊர்ப்பக்கத்து இளைய ஆசாரிகள் பலர் வெளியூரில் கட்டட வேலைக்கும், கடல் கடந்தும் போய்விட்டார்கள். ஒரு தட்டு ஆட்டம் கண்டால்கூட ஆணி அடிக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. அதனால் வீட்டுக்குப் பின்புறம் ஒரு கொட்டகை போட்டு, கடை ஓய்ந்த நேரத்தில் நாங்களே மரவேலை பழகிக்கொண்டோம். நம் சங்க உறுப்பினர்களில் இப்படிப் பழகியவர்கள் மேலும் சிலர் உண்டு.

இப்படிப் பழகுகிறவருக்கு முதலில் ஆசை வருவது ரம்ப மேஜை மீதுதான். டேபிள் சா என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் காட்டுவார்கள். மேஜையின் நடுவில் ஒரு பிளவு, அதன் வழியாக வட்ட பிளேடு தலை நீட்டிக்கொண்டிருக்கும். கை ரம்பத்தில் நாம் கருவியை நகர்த்துகிறோம். இதில் கருவி ஓரிடத்தில் நிற்க, மரத்தை நாம் தள்ளுகிறோம். ஒரே அளவில் நூறு சட்டம் வேண்டுமானாலும் சளைக்காமல் அறுத்துத் தரும்.

முதலில் கணக்குப் பாருங்கள்

வருடத்துக்கு ஒரு ராக்கை, இரண்டு தட்டு மட்டுமே செய்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. பிளைவுட் விற்கும் பெரிய கடைகளில் பலகையை அளவுப்படி அறுத்துத் தரும் பெரிய மெஷின் இருக்கிறது. அளவை எழுதிக் கொடுத்து, அறுவைக் கூலி கொடுத்து, வண்டியில் ஏற்றி வந்துவிடலாம். வீட்டில் ஒரு டிரில்லும் கை ரம்பமும் இருந்தால் போதும். சும்மா நிற்கும் மெஷின், விற்காமல் நிற்கும் சரக்குக்குச் சமம். மாதத்தில் நாலைந்து நாளாவது ஓடும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

சந்தையில் உள்ள நான்கு வகை

முதல் வகை, கையில் பிடித்து ஓட்டும் கட்டரை ஒரு மேஜைக்கு அடியில் தலைகீழாகக் கட்டி, பிளேடை மேலே நீட்டிக்கொள்வது. செலவு குறைவு. ஆனால் அந்தக் கட்டர் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. அவசரத்துக்கு அணைக்க வேண்டுமானால் மேஜைக்கு அடியில் கை விட வேண்டும். இதிலும் மோசமானது, இரும்பு அறுக்கும் நாலு அங்குல கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டுவது. அந்த கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். பல் மரத்தில் சிக்கினால் கருவியே கையை விட்டுத் துள்ளும். இதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இரண்டாம் வகை, இழைப்பு மெஷினோடு சேர்ந்து வரும் ரம்பம். வார்ப்பிரும்பு ஸ்டாண்டில் இழைக்கும் உருளையும், அதே அச்சின் முனையில் ரம்பமும் இருக்கும். மோட்டார் தனி, பெல்ட் தனி. பஞ்சாப், குஜராத் பக்கத்துப் பட்டறைகளில் இருந்தும் நம் கோவையில் இருந்தும் வருகிறது. உழைப்பு அபாரம். ஆனால் பெரும்பாலும் பிளேடுக்கு மூடி கிடையாது, பெல்ட்டுக்கும் மூடி கிடையாது. வாங்கினால் இரண்டையும் வெல்டிங் பட்டறையில் போட்டுக்கொண்ட பிறகே ஓட்ட வேண்டும்.

மூன்றாம் வகை, தூக்கிப் போகும் சிறு ரம்ப மேஜை. போஷ், மகிடா, டிவால்ட் போன்ற கம்பெனிகள் விற்கின்றன. பத்து அங்குல பிளேடு, அதாவது 254 மி.மீ. எடை சுமார் 25 முதல் 30 கிலோ. வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். சுமார் மூன்று அங்குல கனம் வரை அறுக்கும். மூடி, காவல் தகடு, தள்ளுக்கட்டை எல்லாம் பெட்டிக்குள்ளேயே வரும். சத்தம் மட்டும் காதைப் பிளக்கும்.

நான்காம் வகை, பலகை முழுவதையும் நகரும் மேஜையில் வைத்து அறுக்கும் பெரிய மெஷின். மூன்று பேஸ் மின்சாரமும் ஒரு பெரிய அறையும் கேட்கும். அது மர வியாபாரிக்கு. நமக்கு அல்ல.

வீட்டுப் பட்டறைக்கு இரண்டாம், மூன்றாம் வகைதான் பொருத்தம். புதிதாகப் பழகுகிறவருக்கு மூன்றாம் வகையே மேல் என்பது எங்கள் அனுபவம்.

எங்களுக்கு நேர்ந்தது

2012ஆம் ஆண்டு நாங்கள் வாங்கியது இரண்டாம் வகை. விலை குறைத்துப் பேசி வாங்கிவிட்டோம் என்ற பெருமிதத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு இருக்க வேண்டும் என்று விற்றவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு வேப்பம் பலகையை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தோம். பாதி தூரம் போயிருக்கும். அறுபட்ட பிளவு பின்புறம் தானாக மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வியது. கண் இமைக்கும் நேரத்தில் பலகை எழும்பித் தம்பியின் வயிற்றில் அடித்தது. பலகையை அழுத்திக்கொண்டிருந்த அவரது இடது கை, பலகை போன வெற்றிடத்தில் பிளேடு மேல் விழுந்தது. ஆள்காட்டி விரலில் முதல் கணு போய்விட்டது.

பொட்டலம் கட்டும்போது நூலை இழுத்துப் பிடிப்பது அந்த விரல்தான் என்பது நம் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கால் கிலோ பருப்புப் பொட்டலம் கட்டியவர், பிறகு நடுவிரலால் கட்டப் பழக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இன்றும் நோட்டு எண்ணும்போது அந்த விரல் தானாக முன்னால் வந்து, தொடாமல் திரும்பிப் போகும். மெஷின் விலையில் நாங்கள் குறைத்த தொகை ஆஸ்பத்திரியில் முதல் நாளுக்கே காணவில்லை.

சேதி கேட்டு வந்த பெரிய ஆசாரி மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல பிளேடு இருக்கு, பின்னால காவல் இல்லையே. நாய் வாங்கினீங்க, சங்கிலி வாங்கலையா?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

மரம் ஏன் திருப்பி அடிக்கிறது?

வட்ட பிளேடின் முன்புறப் பற்கள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. அவை மரத்தை மேஜையோடு சேர்த்து அழுத்தும். பின்புறப் பற்களோ மேஜையிலிருந்து மேலே ஏறுகின்றன. அவற்றில் மரம் உரசினால் அதைத் தூக்கி நம்மை நோக்கி எறியும். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால் அதன் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். அந்த வேகத்தில்தான் மரம் கிளம்பும். கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

மரம் பின்புறப் பல்லில் உரச இரண்டு காரணங்கள். ஒன்று, மரத்துக்குள் இருக்கும் முறுக்கு. வளைந்து வளர்ந்த மரத்திலும் சரியாக உலராத மரத்திலும் இது அதிகம். அறுத்தவுடன் இரு பாதியும் ஒன்றையொன்று நெருங்கிப் பிளேடைக் கவ்வும். இன்னொன்று, மரம் சாய்ந்துகொண்டு போகும் கைடு. ஆசாரிமார் கைடு என்று சொல்வது பிளேடுக்குப் பக்கவாட்டில் நிற்கும் நேர்ப்பட்டையை. அது பிளேடுக்கு இணையாக இல்லாமல் பின்பக்கம் குறுகி இருந்தால், மரத்தைப் பிளேடு மேல் தள்ளிக்கொண்டே போகும்.

முதல் காரணத்துக்கு மருந்து காவல் தகடு. ரைவிங் நைஃப் என்று கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். பிளேடுக்கு நேர் பின்னால், அதை ஒட்டி, பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு இரும்புத் தகடு. அறுபட்ட பிளவுக்குள் அது நுழைந்து நிற்பதால் மரம் மூடிக்கொள்ள முடியாது. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் எழுதிய மரவேலை மெஷின் விதிகளிலேயே இந்தத் தகடும் தள்ளுக்கட்டையும் கட்டாயம் என்று இருந்தது. வீட்டுக் கொட்டகைக்கு இன்ஸ்பெக்டர் வருவதில்லை. அதனால் நமக்கு நாமே இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டும்.

இந்த ஆபத்து நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டில் மட்டும் ரம்ப மேஜை பிளேடில் கைபட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் 30,000 பேருக்கு மேல் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. அங்கே ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல், விரல் பட்டவுடன் பிளேடை நிறுத்தும் ஏற்பாடு ஒன்றைக் கண்டுபிடித்தார். உடம்பில் மின்சாரம் பாயும் தன்மையைக் கொண்டு மெஷின் விரலை அறிந்துகொள்கிறது. ஒரு வினாடியை இருநூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள், ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைப் பிடித்துவிடும். பிளேடும் கட்டையும் வீண், விரல் மிச்சம். 2004 முதல் சாஸ்டாப் என்ற பெயரில் விற்பனையில் உள்ளது. ஆனால் விலை நம் சக்திக்கு மேற்பட்டது. காவல் தகடும் மூடியும் தள்ளுக்கட்டையும் நம் சக்திக்கு உட்பட்டவை. அவை இருந்தும் கழற்றி வைப்பதுதான் நாம் செய்யும் தவறு.

கடையில் நின்றே செய்ய வேண்டிய ஆறு சோதனை

கையில் ஒரு எஃகு ஸ்கேல், ஒரு மூலைமட்டம், ஒரு மார்க்கர் பேனா எடுத்துக்கொண்டு போங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே பிளேடு அருகில் கை வைக்க வேண்டும்.

1. காவல் தகடு இருக்கிறதா, பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். தகட்டின் கனம், பிளேடின் உடல் கனத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவும், பல் அறுக்கும் பிளவைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும். அளவு தகட்டிலேயே பொறித்திருக்கும்.

2. கைடைப் பூட்டிவிட்டு அதன் பின்முனையைப் பக்கவாட்டில் பலமாக அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அந்த மெஷின் வேண்டாம்.

3. பிளேடின் ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து கைடு வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அதே பல்லைப் பின்னால் சுற்றி மறுபடி அளவுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் மயிரிழை அகலமாக இருந்தால் பாதகமில்லை. பின்னால் குறுகியிருந்தால் ஆபத்து. அதைச் சரிசெய்ய ஸ்குரூ இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் சரிசெய்து காட்டட்டும். தராசில் படிக்கல்லை மாற்றி வைத்துப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான்.

4. மேஜையின் மேல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அடியில் பில் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். பிளேடு ஓரங்களில் காகிதம் தாராளமாக நுழைந்தால் மேஜை பள்ளம்.

5. பிளேடை நேராக நிறுத்தி மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்வு காட்டும் முள் சைபரில் இருக்கும்போது பிளேடும் நேராக இருக்க வேண்டும்.

6. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரு கையிலும் மரம் பிடித்திருக்கும்போது முழங்காலாலோ தொடையாலோ தட்டி நிறுத்த முடிய வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடக் கூடாது. இதைச் சோதிக்க, ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளேடு நின்றதும் மறுபடி போடச் சொல்லுங்கள். மின்தடை அடிக்கடி வரும் நம் பக்கத்துக்கு இது மிக அவசியம். நம் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் கரண்ட் போனதும் விழுந்துவிடும் அல்லவா? அதே ஏற்பாடுதான். பெல்ட் மெஷின் வாங்குகிறவர்கள் அப்படி ஒரு ஸ்டார்ட்டரைத் தனியாகவே வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

ஆறில் ஒன்று தவறினாலும் விலை பேச உட்காராதீர்கள்.

மோட்டாரும் மின்சாரமும்

சிறு மேஜைகளில் இருப்பது கார்பன் போட்ட வேக மோட்டார். எடை குறைவு, சத்தம் அதிகம், கார்பன் தேய்ந்தால் மாற்ற வேண்டும். பெல்ட் மெஷினில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் வோல்ட்டேஜ் குறைவை இது தாங்காது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 184 வோல்ட் வந்தால், அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது என்று நினைக்கிறோம். மோட்டாரின் இழுவையோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மரத்தின் நடுவில் பிளேடு திணறும், சுருள் சூடாகும், கருகும். மாலையில் விளக்கு மங்கும் நேரத்தில் கனத்த மரம் அறுக்காதீர்கள்.

ஒன்றரை எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது எட்டு, ஒன்பது ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப் போல் ஐந்தாறு மடங்கு. அதற்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும், 16 ஆம்பியர் பிளக்கும், சரியான எர்த்தும் வேண்டும். விளக்கு மாட்டும் ஒயரில் நீட்டி இழுத்து ஓட்டுவது வீட்டுக்கே ஆபத்து. வீட்டு இணைப்பில் இருந்துகொண்டு ஊராருக்குக் கூலிக்கு அறுத்துக் கொடுத்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அபராதம் வரும். அப்படி எண்ணம் உள்ளவர்கள் முதலிலேயே மின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இணைப்பை மாற்றிக்கொள்வது நல்லது.

பிளேடு தின்னும் மரம்

பிளேடில் பல் கூடினால் அறுவை மழமழப்பாக இருக்கும், வேகம் குறையும். நீளவாக்கில் அறுக்க 24 பல், எல்லா வேலைக்கும் 40 பல், பிளைவுட்டுக்கு 60 பல் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் 40 பல் ஒன்று போதும். பல்நுனியில் கார்பைடு பற்றவைத்த பிளேடாக வாங்குங்கள். நடுத்துளையின் அளவு மெஷினுக்கு மெஷின் மாறும். 30 மி.மீ. உண்டு, 25.4 மி.மீ. உண்டு. பொருந்தாத துளைக்குக் காகிதம் சுற்றி மாட்டுவதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். அது தற்கொலைக்குச் சமம். பிளேடின் மேல் எழுதியிருக்கும் அதிகபட்சச் சுற்று, மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

பல் போகும் பாதையில் சுமார் மூன்று மி.மீ. மரம் தூளாகிவிடும். இதைக் கணக்கில் சேர்க்காமல் நாங்கள் ஒரு முழுப் பலகையையே வீணாக்கினோம். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் என்பது 2,440க்கு 1,220 மி.மீ. அதில் ஓர் அடி அகலத்தில் நான்கு தட்டு வரும் என்று எண்ணுவது இயல்பு. ஓர் அடி என்பது 304.8 மி.மீ. நான்கு மடங்கு 1,219.2. நான்கு துண்டுக்கு மூன்று அறுவை, அதற்கு ஒன்பது மி.மீ. மொத்தம் 1,228.2 வேண்டும். இருப்பது 1,220தான். ஆகவே நான்காவது தட்டு எட்டு மி.மீ. குறைந்துபோகும். தட்டுக்கு 302 மி.மீ. என்று அளவு வைத்தால் நான்கும் ஒன்றுபோல் கிடைக்கும். புளியில் கொட்டையும் நாரும் கழித்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது புரியாத கணக்கு அல்ல.

இன்னொன்று. 18 மி.மீ. கனமுள்ள முழுப் பலகையின் எடை சுமார் 35 கிலோ. சிறு மேஜையின் எடையோ அதைவிடக் குறைவு. முழுப் பலகையை அதன் மேல் ஏற்றினால் மேஜையே சாயும். வாங்கும் கடையிலேயே இரண்டாகவோ மூன்றாகவோ அறுத்து வாங்கி, மீதியை வீட்டில் அறுங்கள்.

எந்த மரம்?

எங்கள் பக்கம் கிடைப்பது வேம்பு, வாகை, பூவரசு, கருவேல். நன்றாக உலரவிட்டு, ஒரு பக்கம் இழைத்துச் சமமாக்கி, ஓரத்தை நேராக்கிய பிறகே ரம்ப மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். கோணல் ஓரத்தைக் கைடில் சாய்த்தால் மரம் ஆடும், ஆடினால் அடிக்கும். சீமைக்கருவேல் சும்மா கிடைக்கிறதே என்று அறுக்கப் போகாதீர்கள். அதன் முறுக்குக்கும் வளைவுக்கும் கரி மூட்டம்தான் சரியான இடம். உருட்டு மரத்தை வீட்டு ரம்பத்தில் பிளக்கவே கூடாது. அது உரிமம் பெற்ற அறுவை மில்லில் நடக்க வேண்டிய வேலை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கோடு வந்து இறங்கும் பழைய மரத்தட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. நம் குடோனுக்கு நன்றாக உதவும். ஆனால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்று இருந்தால் சூடுகாட்டிப் பூச்சி நீக்கிய மரம். எம்.பி. என்று இருந்தால் மீதைல் புரோமைடு புகை காட்டியது. உணவுப் பொருள் தாங்கும் தட்டுக்கு எச்.டி. மரத்தையே எடுங்கள். எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தால் வேண்டாம். ஆணி ஒன்று உள்ளே இருந்தாலும் பிளேடின் பல் தெறித்து முகத்துக்கு வரும். ஒரு காந்தத்தை மரம் முழுவதும் தடவிப் பார்த்த பிறகே அறுங்கள்.

எங்கே வைப்பது?

குடோனுக்குள் வைக்காதீர்கள். மரத்தூள் பருப்பிலும் மாவிலும் படியும், சாக்கும் எண்ணெய் டின்னும் அருகில் இருந்தால் ஒரு பொறி போதும். மரத்தூள் மூச்சுக்கும் கெடுதல். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் மரத்தூளை 1995இலேயே சேர்த்துவிட்டது. திறந்த கொட்டகை, மூக்குக்கு மாஸ்க், அன்றாடம் தூளை அள்ளி வெளியே போடுவது, இந்த மூன்றும் வேண்டும். மரத்தைத் தள்ள மேஜைக்கு முன்னும் பின்னும் பலகையின் நீளத்துக்கு இடம் விடுங்கள்.

ஓட்டும்போது

பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பிளேடு மரத்துக்கு மேல் கால் அங்குலம் தெரிந்தால் போதும். பிளேடுக்கும் கைடுக்கும் நடுவில் சிறு துண்டு போகும்போது கையால் தள்ளாமல் தள்ளுக்கட்டையால் தள்ளுங்கள். குறுக்கே அறுக்கக் கோணக் கைடைப் பிடிக்கும்போது நேர்க் கைடை அகற்றிவிடுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் அறுபட்ட துண்டு நடுவில் சிக்கி அம்பு போல் பாயும். கைடு இல்லாமல் வெறுங்கையால் பிடித்து அறுப்பது எந்நாளும் கூடாது.

வேட்டியை அவிழ விட்டு, துண்டைத் தோளில் போட்டு ஓட்டாதீர்கள். கையில் கயிறு, மோதிரம், கையுறை எதுவும் வேண்டாம். கையுறை காப்பாற்றும் என்று நினைப்போம். பல் அதைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். கடைப் பையன்களை, முக்கியமாகப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களை, அருகில் விடாதீர்கள். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கல்லாவைப் பூட்டுகிறோம் அல்லவா, அதுபோல் இதையும் பூட்டி வையுங்கள்.

காயம் பட்டுவிட்டால்

தம்பியின் விரல் நுனியை நாங்கள் பதற்றத்தில் நேராக ஐஸ் கட்டிக்குள் போட்டு எடுத்துப் போனோம். ஐஸ் பட்டுச் சதை கெட்டுவிட்டது, இனி ஒட்ட வழியில்லை என்று டாக்டர் சொன்னார். சரியான முறை வேறு. காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது. மஞ்சள்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. உடனே 108க்குச் சொல்லி, கை அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி 1971இல் கைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். கோவையிலும் இந்தச் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு அருகில் எங்கே வசதி உண்டு என்பதை மெஷின் வாங்குவதற்கு முன்பே விசாரித்து, கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.

முடிவாக

பழைய மெஷினை நாங்கள் யாருக்கும் விற்கவில்லை. நமக்கு ஆகாததை அடுத்தவர் தலையில் கட்டுவது வியாபார தர்மம் அல்ல. மோட்டாரை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியைப் பழைய இரும்புக்குப் போட்டோம். ஒரு வருடம் கழித்துக் காவல் தகடு உள்ள சிறு மேஜை ஒன்று வாங்கினோம். வாங்கப் போனபோது மேலே சொன்ன ஆறு சோதனையையும் செய்தவர் தம்பிதான். மூன்று கடையில் "வேண்டாம்" என்று திரும்பினார். நான்காவது கடையில் கைடின் பின்முனையை அந்தக் குறை விரலாலேயே அழுத்திப் பார்த்துவிட்டு, "இது நிக்கும்ணே" என்றார். அது இன்றுவரை ஓடுகிறது. எங்கள் குடோனில் உள்ள தட்டுகள் எல்லாம் அதில் அறுத்தவைதான்.

ரம்ப மேஜை வாங்க நினைக்கும் உறுப்பினர்கள் விலைப் பட்டியலைக் கேட்பதற்கு முன், "காவல் தகடு இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றாலோ, "அது எதுக்கு அண்ணாச்சி?" என்று கடைக்காரர் கேட்டாலோ, அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். ஏற்கெனவே வாங்கி, தகட்டையும் மூடியையும் கழற்றி மூலையில் போட்டிருப்பவர்கள் இன்று மாலை கடை சாத்தியதும் முதல் வேலையாக அவற்றைத் தேடி எடுத்து மாட்டுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் கடைக்கு வந்தால் மெஷினைக் காட்டி விளக்கத் தயாராக இருக்கிறோம்.